டி750-லிருந்து மிரர்லெஸுக்கு: எது கூடும், எது அப்படியே இருக்கும்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கையில் நிக்கான் டி750 இருக்கிறது, உள்ளே கண்ணாடியுள்ள டிஎஸ்எல்ஆர். கூடவே 24-120 எஃப்4ஜி, 50 எஃப்1.8ஜி, 85 எஃப்1.8டி என்று மூன்று லென்ஸ்கள். எடுப்பது வீட்டு விசேஷங்கள், குழந்தைகள், எப்போதாவது மலையும் கடலும். நிக்கான் இசட்6 மூன்றாம் பதிப்பு என்ற மிரர்லெஸுக்கு, அதாவது கண்ணாடி இல்லாத கேமராவுக்கு (கீழே இசட்6-3) மாறினால் படத்தின் தரம் எவ்வளவு கூடும், பழைய லென்ஸ்கள் வேலை செய்யுமா?

தரம் என்பது ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும் சுத்தம் என்றால், ஏறக்குறைய ஒன்றும் கூடாது. நூறு படம் எடுத்தால் அதில் எத்தனை தேறும் என்பதுதான் தரம் என்றால், நிறையவே கூடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்குகிறவர்கள்தான் மூன்றாம் மாதம் "பழையதே நன்றாக இருந்ததே" என்று புலம்புகிறார்கள்.

சென்சாரிலிருந்து தொடங்கலாம். டி750 2014-இல் வந்தது, 24.3 மெகாபிக்சல். இசட்6-3 2024-இல் வந்தது, 24.5 மெகாபிக்சல். இரண்டும் ஃபுல் ஃப்ரேம். பத்து வருட இடைவெளிக்குக் குறைந்த வெளிச்சத்தில் பெரிய பாய்ச்சல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால் படத்தில் தெரியும் நாய்ஸில் (புள்ளி புள்ளியான இரைச்சலில்) பெரும்பங்கு சென்சார் போடுவது அல்ல, ஒளியே கொண்டுவருவது. ஃபோட்டான்கள் சீராக வந்து விழுவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் பதிவானால் அதில் 10 அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். 10,000 பதிவானால் 100 அளவுக்குத்தான், அதாவது ஒரு சதவீதம். வெளிச்சம் குறையக் குறையப் படம் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதனால்தான். டி750 காலத்துச் சென்சார்களே தங்கள்மேல் விழும் ஒளியில் பாதியளவைப் பிடித்துவிடும். மீதி முழுவதையும் பிடிக்கும் சென்சார் ஒன்று வந்தாலும் கிடைக்கும் லாபம் ஒரு ஸ்டாப்தான், அதாவது இரண்டு மடங்கு ஒளி. இன்றைக்குக் கிடைப்பது அதைவிடவும் குறைவு. ஐஎஸ்ஓ 6400-இல் இரண்டு கேமராவின் ரா ஃபைல்களையும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புகள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எது என்று சொல்லத் தயங்குவீர்கள். நாய்ஸ்தான் உங்கள் குறை என்றால், நாய்ஸ் நீக்கும் நல்ல மென்பொருள் ஒன்று புது பாடியைவிட அதிகம் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐஎஸ்ஓ 100-இல் நிழல் பகுதியை மென்பொருளில் மூன்று நான்கு ஸ்டாப் வெளிச்சமாகத் தூக்கினால் டி750-இன் ஃபைல் இசட்6-3-ஐவிடச் சற்றுச் சுத்தமாகவே இருக்கும். இசட்6-3-இல் இருப்பது பகுதி அடுக்குச் சென்சார். மேலும் கீழும் வேகமான வாசிப்புச் சுற்றுகளை அடுக்கியிருக்கிறார்கள். அந்த வேகத்துக்குக் கொடுத்த விலை குறைந்த ஐஎஸ்ஓவில் டைனமிக் ரேஞ்சில் (ஒரே படத்தில் இருளும் வெளிச்சமும் அடங்கும் அளவில்) கொஞ்சம். சூரிய உதயத்தை ட்ரைபாடில் வைத்து எடுப்பவருக்குப் புது கேமரா இந்த ஒரு விஷயத்தில் அரைப்படி கீழே. இதே கேள்வியை கேனான் 5டி மார்க் 2 அல்லது மார்க் 3 வைத்திருப்பவர் கேட்டால் பதில் வேறு. அந்தக் காலத்து கேனான் சென்சார்களில் அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றும் வேலை சென்சாருக்கு வெளியே நடந்ததால், நிழலைத் தூக்கினால் கோடு கோடாக நாய்ஸ் வரும். 2016-இல் வந்த 5டி மார்க் 4, 80டி ஆகியவற்றில்தான் அது சரியானது. அவர்களுக்கு எந்த மிரர்லெஸுக்குப் போனாலும் நிழலில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

இப்போது ஃபோகஸ். மாறுவதற்கான காரணம் ஒன்று இருக்கிறது என்றால் அது இங்கேதான்.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் ஒளி முதலில் பெரிய கண்ணாடியில் விழுகிறது. பெரும்பகுதி மேலே வியூஃபைண்டருக்குப் போகிறது. கண்ணாடியின் நடுப்பகுதி பாதி ஊடுருவக்கூடியது. அதைத் தாண்டும் ஒளியைப் பின்னாலிருக்கும் குட்டிக் கண்ணாடி கீழே திருப்பி, பெட்டியின் தரையிலிருக்கும் ஃபோகஸ் மாட்யூலுக்கு அனுப்புகிறது. ஆக, ஃபோகஸ் பார்ப்பது ஒரு இடத்தில், படம் பதிவது வேறொரு இடத்தில். லென்ஸிலிருந்து இரண்டுக்கும் உள்ள தூரம் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். குட்டிக் கண்ணாடி தங்கும் முனை துளி தேய்ந்தாலும் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ போய்விடும். லென்ஸுக்கு லென்ஸ் இது மாறுவதும் உண்டு. மிரர்லெஸில் படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸ் பிக்சல்களும் இருப்பதால் இந்த வகைப் பிழைக்கே இடமில்லை.

டி750-இல் இதைத் திருத்த வழி உண்டு, பலர் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். பாடியை மாற்றும் முன் ஒரு மாலை செலவழித்து இதைச் செய்து பாருங்கள். கேமராவை ட்ரைபாடில் வைத்து, அச்சடித்த எழுத்துகள் உள்ள தட்டையான ஒன்றைச் சுவரில் நேராக ஒட்டுங்கள். தூரம் ஃபோக்கல் லெங்த்தைப் போல நாற்பது மடங்கு; 50 மி.மீ.க்கு 2 மீட்டர், 85-க்கு 3.4 மீட்டர். வெளிச்சம் தாராளமாக இருக்கட்டும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, நடுப் புள்ளியை வைத்து, இரண்டு வினாடி டைமர் போடுங்கள். முதலில் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து ஒரு படம். அதில் டி750 சென்சாரைக் கொண்டே ஃபோகஸ் பார்ப்பதால் அதுதான் உங்கள் அளவுகோல். பிறகு வியூஃபைண்டர் வழியாக ஐந்து படம், ஒவ்வொன்றுக்கும் முன் ஃபோகஸ் வளையத்தைக் கையால் கலைத்துவிட்டு. ஐந்தும் லைவ் வியூ படத்தைவிட மங்கலாக இருந்தால் செட்டப் மெனுவில் ஏஎஃப் ஃபைன்-ட்யூனுக்குப் போய் ஐந்து ஐந்து படியாக நகர்த்துங்கள். பிளஸ் ஃபோகஸைத் தூரத்துக்குத் தள்ளும், மைனஸ் அருகே இழுக்கும். எல்லை இருபது படி. ஐந்து படங்களில் இரண்டு முன்னே, இரண்டு பின்னே என்று சிதறினால் அது அளவுத்திருத்தப் பிரச்சினை அல்ல, அந்த லென்ஸ் மோட்டாரின் துல்லியம் அவ்வளவுதான். அதை எந்த எண்ணாலும் சரிசெய்ய முடியாது. 24-120-க்கு ஒரே ஒரு எண்தான் போட முடியும் என்பதால், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் முனைக்குச் சரிசெய்யுங்கள். மறுமுனை கொஞ்சம் விலகத்தான் செய்யும்.

அளவுத்திருத்தம் சரியாக இருந்தாலும் டிஎஸ்எல்ஆருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டி750-இன் 51 புள்ளிகளும் ஃப்ரேமின் நடுவில் குவிந்து கிடக்கின்றன, ஓரங்களில் ஒன்றுமில்லை. முகம் மேல் ஓரத்தில் வரும்போது நடுப் புள்ளியால் கண்ணில் ஃபோகஸ் செய்து, ஷட்டரைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்புவதுதான் பழக்கம். இதில் என்ன ஆகிறது என்று கணக்குப் போடலாம். 50 மி.மீ. லென்ஸ், கேமரா செங்குத்தாக, ஆள் 1.5 மீட்டர் தூரத்தில், கண் சென்சாரின் நடுவிலிருந்து 13 மி.மீ. தள்ளி விழுகிறது. அந்த அளவுக்குக் கேமராவை ஏறக்குறைய 14.5 டிகிரி திருப்ப வேண்டும். ஃபோகஸ் தளம் என்பது சென்சாருக்கு இணையான ஒரு தட்டைப்பரப்பு. கேமராவோடு சேர்ந்து அதுவும் திரும்பும். திரும்பியதும் அது கண்ணுக்குச் சுமார் 5 செ.மீ. பின்னால், காதுப் பக்கமாகப் போய்விடுகிறது. எஃப்1.8-இல் அந்தத் தூரத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழமே முன்னும் பின்னும் சேர்த்து 9 செ.மீ.தான், அதுவும் சிறிய பிரிண்டுக்கான தாராளக் கணக்கு. திரையில் பெரிதாக்கினால் அதில் பாதிதான் தேறும். கண் மங்கல், காதோரத்து முடி கூர்மை என்று வரும் படங்களில் பாதிக்கு லென்ஸ் மேல் குற்றமில்லை, இந்தத் திருப்பல்தான் காரணம். மிரர்லெஸில் ஃபோகஸ் ஏறக்குறைய ஃப்ரேம் முழுவதும் உண்டு, கண்ணை அதுவே தேடிப் பிடித்துப் பின்தொடரும். நீங்கள் திருப்பவே வேண்டாம்.

ஓடும் குழந்தையிடம் வித்தியாசம் இன்னும் பெரிது. டி750-இல் ஏஎஃப்-சி (தொடர்ந்து ஃபோகஸ் பார்க்கும் முறை) போட்டு, புள்ளியை முகத்தின்மேல் நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். குழந்தை ஃப்ரேமின் ஓரத்துக்கு ஓடினால் புள்ளி இல்லை. இசட்6-3-இல் ஆட்டோ ஏரியாவும் மனிதரைக் கண்டறியும் அமைப்பும் போட்டுவிட்டால், உங்கள் வேலை ஃப்ரேமைப் பார்ப்பது மட்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு வித்தியாசமும் இங்கேயே இருக்கிறது. டிஎஸ்எல்ஆர் எப்போதும் லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து ஃபோகஸ் பார்க்கும், எடுக்கும் நொடியில்தான் அப்பர்ச்சரைச் சுருக்கும். சில வேகமான லென்ஸ்களில் அப்பர்ச்சரைச் சுருக்கும்போது ஃபோகஸ் தளமே சற்று நகர்ந்துவிடும். எஃப்1.8-இல் சரியாக இருந்தது எஃப்2.8-இல் பின்னால் போகும். நிக்கான் இசட் கேமராக்கள் நீங்கள் வைத்த அப்பர்ச்சரிலேயே, எஃப்5.6 வரை, ஃபோகஸ் பார்ப்பதால் அந்த நகர்வு அதோடு சேர்த்தே சரியாகிவிடும். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு: மங்கிய அறையில் எஃப்8 வைத்திருந்தால் கேமரா எஃப்5.6-இல் நின்றபடி தடுமாறும். ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தால் முதலில் அப்பர்ச்சரைத் திறந்து பாருங்கள்.

மிரர்லெஸ் ஃபோகஸ் தோற்கும் இடங்கள் வேறு இரண்டும் உண்டு. பெரும்பாலான மிரர்லெஸ் சென்சார்களில் ஃபோகஸ் பிக்சல்கள் ஒரே திசையில்தான் வித்தியாசம் பார்க்கும். ஜன்னல் பிளைண்ட்ஸ், கிடைக்கோடு போட்ட சட்டை மாதிரியானவற்றில் பிடிக்காமல் அல்லாடும். கேமராவை இருபது முப்பது டிகிரி சாய்த்து ஃபோகஸ் பிடித்துவிட்டு நேராக்கினால் போதும். டி750-இன் நடுவிலுள்ள 15 குறுக்குப் புள்ளிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடுத்தது, லென்ஸ் தூரத்தில் நிற்கும்போது மிக அருகில் ஒன்று வந்தால் அது முழுக்க மங்கிப் போயிருப்பதால் கேமராவுக்கு அது தெரிவதே இல்லை. பின்னாலிருக்கும் சுவரையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஷட்டரை மறுபடி மறுபடி அழுத்திப் பயனில்லை. வளையத்தைக் கையால் ஒரு திருப்பு திருப்பி அருகே கொண்டுவாருங்கள், அல்லது ஆளின் காலடித் தரையைப் பிடித்துவிட்டு மேலே வாருங்கள்.

வியூஃபைண்டர் விஷயத்தில் இரண்டு தரப்பும் சத்தியம் செய்யும். டிஎஸ்எல்ஆரில் தெரிவது நேரடியான ஒளி. தாமதம் இல்லை, பேட்டரி செலவில்லை. ஆனால் எக்ஸ்போஷர் என்ன வரும் என்று அது சொல்லாது. மிரர்லெஸில் எடுக்கும் முன்பே படம் எப்படி வரும் என்று தெரிகிறது, ஹிஸ்டோகிராமும் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) கண்ணெதிரே இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே ஆள் நிற்கும்போது, எடுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி எடுக்கும் சுற்று போய்விடுகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: திரையில் தெரிவதும் ஹிஸ்டோகிராமும் ஜேபெக் கணக்கு, ரா கணக்கு அல்ல. பிக்சர் கன்ட்ரோலை ஃபிளாட்டில் வைத்தால் ராவுக்கு ஓரளவு நெருங்கும். இல்லாவிட்டால் வெள்ளை போய்விட்டது என்று பயந்து தேவையில்லாமல் இருட்டாக எடுப்பீர்கள்.

ஃப்ளாஷ் வைத்து எடுப்பவர்கள் முதல் நாளே தடுக்கி விழும் இடம் ஒன்று. ஸ்டுடியோ ஃப்ளாஷுக்காக 1/160, எஃப்8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்ததும் வியூஃபைண்டர் கும்மிருட்டாகிவிடும். கேமரா கெட்டுப்போகவில்லை, ஃப்ளாஷ் இல்லாத அறை வெளிச்சத்தில் அந்த எண்களுக்கு அப்படித்தான் படம் வரும், அதை அது நேர்மையாகக் காட்டுகிறது. நிக்கானில் வியூ மோட் என்ற அமைப்பை, செட்டிங்கின் விளைவைக் காட்டாமல் பார்க்க வசதியாகக் காட்டும் தேர்வுக்கு மாற்றுங்கள். கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணைக்க வேண்டும், சோனியில் செட்டிங் எஃபெக்ட் ஆஃப். டி750-இல் டிடிஎல்-உடன் (ஃப்ளாஷ் அளவைக் கேமராவே கணிக்கும் முறை) வேலை செய்த நிக்கான் ஃப்ளாஷ் இசட்6-3-இலும் அப்படியே வேலை செய்யும். ஆனால் அது இருட்டில் ஃபோகஸுக்காக அடிக்கும் சிவப்புக் கோட்டு வெளிச்சம் மட்டும் வராது. அந்த அலைநீளமும் வடிவமும் கண்ணாடிப் பெட்டியிலிருந்த பழைய மாட்யூலுக்காகச் செய்தவை. இருண்ட மண்டபத்தில் அந்த சிவப்புக் கோட்டை நம்பியே வேலை செய்தவர்களுக்கு இது ஒரு நிஜமான இழப்பு.

லென்ஸ்களுக்கு வருவோம். டி750-இன் எஃப் மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) மவுண்டிலிருந்து சென்சாருக்கு 46.5 மி.மீ., இசட் மவுண்டில் 16 மி.மீ. மீதமுள்ள 30.5 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் எஃப்டிஇசட் அடாப்டர். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, எனவே படத்தின் கூர்மை கெடாது. 24-120, 50 எஃப்1.8ஜி இரண்டிலும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் ஆட்டோஃபோகஸ் ஒழுங்காக ஓடும், கண் கண்டறிதல் உட்பட. 85 எஃப்1.8டி-தான் சிக்கல். அதன் ஃபோகஸைத் திருப்புவது டி750 பாடியின் மவுண்டில் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ. அந்த மோட்டார் எந்த இசட் பாடியிலும் இல்லை, எஃப்டிஇசட் அடாப்டரின் இரண்டு பதிப்புகளிலும் இல்லை. லென்ஸ் மாட்டும், எக்ஸ்போஷர் வரும், அப்பர்ச்சர் தகவல் பதியும். ஃபோகஸ் மட்டும் உங்கள் கையில். அப்படிக் கையால் ஃபோகஸ் செய்யும்போது கூர்மையான இடத்தை நிறத்தால் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கின் விளிம்பை எஃப்1.8-இல் நம்பாதீர்கள். அது இரண்டு மூன்று செ.மீ. அகலத்துக்குப் பளபளக்கும், கண்ணும் மூக்கும் ஒரே நேரத்தில் ஜொலிக்கும். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இமை முடியைப் பார்த்து நிறுத்துங்கள்.

அதற்காக இந்த லென்ஸை விற்கச் சொல்லவில்லை. டி780 என்ற ஒன்று இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2020-இல் வந்த டிஎஸ்எல்ஆர். வியூஃபைண்டரில் டி750 போலவே 51 புள்ளிகள், ஆனால் லைவ் வியூவுக்கு மாற்றினால் சென்சாரிலேயே ஃபேஸ் டிடெக்ட் என்ற வேகமான ஃபோகஸ் முறை, 4கே வீடியோ. ஸ்க்ரூ மோட்டாரும் உண்டு. லென்ஸ் மூட்டையை மாற்ற மனமில்லாதவருக்கு, பழையதாகக் கிடைத்தால், அதுவே போதும். ஆனால் எஃப் மவுண்டில் இனி எதிர்காலம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். 2020-க்குப் பிறகு நிக்கானோ கேனானோ புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. பென்டாக்ஸ் மட்டும்தான் அதன் பிறகும் கொண்டுவந்தது.

அடாப்டரிலேயே காலம் தள்ளினால் மிரர்லெஸின் இன்னொரு லாபம் கிடைக்காமல் போகும். மவுண்ட் அகலமாகவும் சென்சாருக்கு அருகிலும் இருப்பதால், லென்ஸின் கடைசிக் கண்ணாடியைப் பெரிதாக, சென்சாரை ஒட்டி வைக்க முடிகிறது. 50 மி.மீ.யிலும் அதற்குக் குறைவான வைட் லென்ஸ்களிலும் மூலைகளின் கூர்மை கூடுவது இதனால்தான். இசட் 50 எஃப்1.8 எஸ்ஸை உங்கள் 50 எஃப்1.8ஜி பக்கத்தில் வைத்தால், முழுக்கத் திறந்த நிலையில் மூலைகளைப் பார்த்ததுமே தெரியும். அளவிலும் எடையிலும் அது பெரியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிரர்லெஸ் என்றால் எல்லாமே இலகு என்பது பாடிக்கு மட்டும் பொருந்தும் விளம்பரம். அதிலும் டி750 ஒன்றும் குண்டு அல்ல, பேட்டரி கார்டோடு 840 கிராம்தான். பாடியில் மிச்சமான கிராமை எஃப்டிஇசட்டும் புது லென்ஸும் தின்றுவிடும்.

சென்சாரையே நகர்த்தும் நடுக்கத் தடுப்பு டி750-இல் இல்லை. இசட்6-3-இல் உள்ள அது உங்கள் 50-க்கும் 85-க்கும்கூடக் கிடைக்கும். அடாப்டரோடு போடும்போது ஐந்து அச்சுக்குப் பதில் மூன்று அச்சு. அசையாப் பொருளை 50 மி.மீ.யில் 1/50-க்குப் பதில் 1/8-இல் கையில் பிடித்தே எடுக்கலாம். குழந்தை அசையுமா என்றால் அசையும். அதற்கு 1/250-க்குக் கீழே இறங்க முடியாது, எத்தனை ஸ்டாப் விளம்பரம் செய்திருந்தாலும். கோயில் பிரகாரத்துக்கும் இருண்ட அருங்காட்சியகத்துக்கும்தான் இது வரம். விசேஷ வீட்டில் பாதிப் பயன்தான். கான்டாக்ட் இல்லாத மிகப் பழைய மேனுவல் லென்ஸ் போட்டால் ஃபோக்கல் லெங்த்தை மெனுவில் நீங்களே கொடுக்க வேண்டும். 135 போட்டுவிட்டு 50 என்று விட்டால் நடுக்கத்தைக் குறைவாகவே திருத்தும். தலைகீழாக விட்டால் அதுவே படத்தைக் கலைக்கும்.

எலக்ட்ரானிக் ஷட்டரின் அமைதி மயக்கும், ஆனால் அதை எப்போதும் போட்டே வைப்பது தவறு. மெக்கானிக்கல் ஷட்டரின் திரை சென்சாரைக் கடக்க ஏறக்குறைய 1/250 வினாடி ஆகும். எலக்ட்ரானிக்கில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. இசட்6 இரண்டாம் பதிப்பு மாதிரியான சாதாரணச் சென்சாரில் மேலிருந்து கீழே வர 1/20 வினாடி. இசட்6-3-இல் 1/70 அளவில். ஷட்டர் 1/2000 என்று காட்டினாலும் மேல் வரியும் கடைசி வரியும் அத்தனை இடைவெளியில் பதிவாகின்றன. வீசும் பேட் வளையும், எல்ஈடி விளக்கின் கீழ் படம் முழுக்கப் பட்டை பட்டையாக வரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/125 அல்லது 1/60. மேடையின் எல்ஈடி திரைகள் இன்னும் வேகமாகத் துடிப்பதால் இந்த எண்களுக்கு அடங்காது. அதற்கென்று ஷட்டரை நுண்ணிய படியில் நகர்த்தும் வசதி மெனுவில் தனியாக இருக்கிறது.

பேட்டரியில் டி750-ஐ இசட்6-3 நெருங்க முடியாது: சிபா என்ற ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் சோதனைக் கணக்கில் டி750-க்கு 1,230 படம். இசட்6-3-க்கு அதே கணக்கில் நானூறை ஒட்டி. அந்தச் சோதனை அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்ற கணக்கு என்பதால், படபடவென எடுப்பவருக்கு மிரர்லெஸும் அதைவிடப் பல மடங்கு தரும். ஏனென்றால் அங்கே பேட்டரியைக் குடிப்பது ஷட்டர் அல்ல, விழித்திருக்கும் திரை. காத்திருந்து எடுப்பவருக்குத்தான் அடி விழும். ஒரு விசேஷ நாளுக்கு மூன்று பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேமராவுமே ஈஎன்-ஈஎல்15 குடும்பத்தைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அதன் பழைய பதிப்புகள் மிரர்லெஸில் குறைவான படமே தரும், யுஎஸ்பி வழியாகக் கேமராவுக்குள்ளேயே சார்ஜும் ஆகாது. கார்டுச் செலவும் தனி: டி750-இல் இரண்டு எஸ்டி, இசட்6-3-இல் ஒன்று எஸ்டி, மற்றது சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி வகை. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிபவராக இருந்தால் இரண்டில் மெதுவானதன் வேகம்தான் உங்கள் வேகம்.

தூசி பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் முன்னே கண்ணாடி, பின்னே மூடிய ஷட்டர், அதற்கும் பின்னால்தான் சென்சார். மிரர்லெஸில் கழற்றியதும் சென்சாரே வாசலில் நிற்கிறது. கேனானின் பல மிரர்லெஸ் பாடிகள் அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். எல்லாப் பாடியும் அப்படிச் செய்வதில்லை. லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாய் தரையைப் பார்த்தபடி பிடித்து, அடுத்த லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை எஃப்16-இல் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் கலைத்து எடுத்துப் பார்த்தால் எங்கே புள்ளி என்று தெரியும். கைப்பம்பு ஊதியைப் பயன்படுத்துங்கள். அழுத்தக் காற்று டப்பா வேண்டாம், அதிலிருந்து தெறிக்கும் திரவம் சென்சார்மேல் கறையாகிவிடும்.

வீடியோ உங்கள் கேள்வியில் இல்லை. எடுப்பீர்கள் என்றால் ஒப்பிடவே தேவையில்லை: டி750 1080-உடன் நின்றுவிடும், அதில் ஓடும் ஆளை ஃபோகஸ் தொடர்வது நடக்காத காரியம்.

முடிவெடுக்க இப்படிச் செய்யுங்கள். கடைசியாக எடுத்த மூன்று விசேஷங்களில் நீங்கள் ஒதுக்கிய படங்களைத் திறந்து, ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஒவ்வொன்றையும் ஐந்தில் ஒரு கட்டத்தில் போடுங்கள்: ஃபோகஸ் தவறியது, ஆள் அசைந்தது, கை நடுங்கியது, எக்ஸ்போஷர் தவறியது, ஃப்ரேமும் முகபாவமும் சரியில்லை. முதல் கட்டம் நிரம்பி வழிந்தால், மேலே சொன்ன ஃபைன்-ட்யூனைச் செய்த பிறகும் வழிந்தால், மிரர்லெஸுக்கு மாறுவது நியாயம். கை நடுக்கமும் எக்ஸ்போஷரும் அதிகம் என்றாலும் மாற்றம் உதவும், ஆனால் ஷட்டர் வேகத்துக்குக் கீழ்வரம்பு வைத்த ஆட்டோ ஐஎஸ்ஓ டி750-இலேயே அதில் பாதியைத் தீர்க்கும். ஆள் அசைந்தது என்பது வேகமான லென்ஸுக்கும் ஃப்ளாஷுக்குமான வேலை. ஐந்தாவது கட்டத்துக்கு எந்தக் கடையிலும் மருந்தில்லை.

மாறுவது என்று தீர்மானித்தால் பாடி, எஃப்டிஇசட் இரண்டாம் பதிப்பு, இரண்டு கூடுதல் பேட்டரி, ஒரு சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு ஆகியவற்றைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். முதல் ஆறு மாதம் 24-120-ஐயும் 50-ஐயும் அடாப்டரிலேயே ஓட்டுங்கள். முதலில் மாற்ற வேண்டியது 85-தான், ஏனென்றால் அதில்தான் ஆட்டோஃபோகஸ் போகிறது, முகம் எடுக்கவே அந்த லென்ஸ். டி750-ஐ உடனே விற்றுவிடாமல் 85 எஃப்1.8டி-ஐ மாட்டி இரண்டாவது பாடியாக வைத்துக்கொண்டால், இசட் 85 வாங்கும் வரை அந்த லென்ஸும் முடங்காது. விற்கும்போது படத்தின் எக்ஸிஃப் தகவலிலிருந்து ஷட்டர் எண்ணிக்கையை எடுத்து வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். 1,50,000 என்பது அந்த ஷட்டருக்கு நிக்கான் சோதித்துச் சொன்ன அளவு. அதற்கு வெகு கீழே இருந்தால் பேரத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கும்.